ராக்கெட்டுக்கு வால் எதற்கு?

தீபாவளி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டால் அது வானில் ஏறாது. தாறுமாறாகச் சீறி, யார் காலடியிலாவது வந்து வெடிக்கும். அப்படியானால் அந்தக் குச்சிக்கு ஏதோ முக்கியமான வேலை இருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் 1957-இல் ஸ்புட்னிக் பறந்த செய்தி கேட்டுப் பல சிறுவர்கள் உலோகக் குழாய்களில் மருந்து அடைத்து விட்டுப் பார்த்தார்கள். காயமடைந்தவர்கள் பலர். அதற்கு முன்பே, நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர் பாதுகாப்பான வழி ஒன்றைக் கண்டிருந்தார். உலோகமே இல்லாத காகித ராக்கெட், ஒருமுறை மட்டும் எரியும், தயார்நிலை எஞ்சின், இறங்குவதற்குப் பாராசூட். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் துணை சேர, இது மாணவர்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது.

இன்று கடைகளில் விற்கும் மாதிரி ராக்கெட் பெட்டியில் அட்டைக் குழாய், மூக்குக் கூம்பு, வால்சிறகுகள், பாராசூட் ஆகியவை இருக்கும். எஞ்சினைத் தனியே வாங்க வேண்டும். அதன்மேல் 'ஏ8-3' என்று இருந்தால், 8 என்பது சராசரி உந்துவிசை (நியூட்டனில்). எரிந்து முடிந்து 3 விநாடி கழித்து ஒரு சிறு வெடிப்பு கூம்பைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றும். 'ஏ' என்ற எழுத்து எஞ்சினின் மொத்தக் கணத்தாக்கு வகுப்பைக் குறிக்கும்.

பெட்டியில் உள்ளபடியே ஒட்டினால் ராக்கெட் நேராகப் பறக்கும். ஆனால் யாருக்கும் தம் விருப்பப்படி மாற்றிப் பார்க்க ஆசை வருமே! சிறகைச் சிறிதாக்கலாமா? வாலில் அலங்காரம் ஒட்டலாமா? இங்கேதான் கவனம் தேவை.

ராக்கெட்டை விரல்மேல் கிடத்துங்கள். சாயாமல் நிற்கும் இடமே ஈர்ப்பு மையம். பறக்கும்போது ராக்கெட் சற்றே சாய்ந்தால் காற்று பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலெல்லாம் ஒன்றுகூடிச் செயல்படும் புள்ளி அழுத்த மையம். இது ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், காற்றே வாலைத் தள்ளி ராக்கெட்டை நேராக்கும். முன்னால் இருந்தாலோ ராக்கெட் குட்டிக்கரணம் போடும். பார்ப்பவர்கள் பக்கமே திரும்பினாலும் திரும்பும். இரண்டுக்கும் இடையே குழாயின் ஒரு விட்ட அளவாவது இடைவெளி வேண்டும். வால்சிறகும் பட்டாசுக் குச்சியும் அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கவே உள்ளன.

மருந்தே இல்லாமல் இதைச் சோதிக்கலாம். தடித்த காகிதத்தில் ஒரு ராக்கெட் செய்து, எஞ்சினுக்குப் பதிலாக வாலுக்குள் 16 கிராம் களிமண் வையுங்கள். ஈர்ப்பு மையத்தில் 2 மீட்டர் நூலைக் கட்டி, நழுவாதபடி ஒட்டுங்கள். திறந்த வெளியில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னே சென்றால் உங்கள் வடிவம் சரி. வால் முன்னே வந்தாலோ புரண்டாலோ, மூக்கில் கொஞ்சம் களிமண் சேருங்கள். அல்லது சிறகைப் பெரிதாக்குங்கள். மீண்டும் சுழற்றிப் பாருங்கள்.

சிறகை மிகப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? காற்றுத்திசை காட்டியைப் போல, காற்று வரும் பக்கமே ராக்கெட் திரும்பிப் போய்விடும். எதற்கும் ஓர் அளவு உண்டு.

எஞ்சினை மட்டும் ஒருநாளும் நீங்களே செய்ய முயலாதீர்கள். ராக்கெட்டின் அறிவியல் மருந்தில் மட்டும் இல்லை. அது இந்த நூலிலும் களிமண்ணிலும்கூட இருக்கிறது.