பிட் ஸ்லைசிங்: ஒரே பெயர், இரண்டு வெட்டு

பிட் ஸ்லைசிங்னு தேடினால் 1970களின் சிப் ஒன்றும், குறியாக்க மென்பொருள் ஒன்றும் மாறி மாறி வந்து குழப்பும். முதலில் சிப்.

1975-ல் ஏஎம்டி வெளியிட்ட ஏஎம்2901 ஒரு நேரத்தில் 4 பிட் கணக்குதான் போடும். அன்றைய வேகமான பைபோலார் சிப்பில் அதற்கு மேல் அடைப்பது கடினம். 16 பிட் வேணுமா? நாலு சிப்பை வரிசையா வைக்கணும். 32 பிட்டுக்கு எட்டு. எண்ணின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு சிப்புக்கு. கூட்டலில் கேரி ஒரு சிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏற ஏறத் தாமதம் சேரும். அதை முன்கூட்டியே கணக்கிட ஏஎம்2902 என்று தனியா ஒரு சிப். வாக்ஸ்-11/730 கணினியின் கணக்குப் பகுதி இந்த 2901-களால் ஆனதுதான்.

ஆக, அங்கே பல சிப் சேர்ந்து ஒரு எண். மென்பொருளில் கதை தலைகீழ்: ஒரே ரெஜிஸ்டரில் பல எண்கள்.

64 விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எல்லாத் தாளிலும் முதல் கேள்வியை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போவார் இல்லையா? 1997-ல் எலி பிஹாம் டெஸ் குறியாக்கத்துக்கு அதையே செய்தார். 64 பிளாக்குகளின் முதல் பிட்டுகள் ஒரு ரெஜிஸ்டரில், இரண்டாம் பிட்டுகள் அடுத்ததில். ஒரு எக்ஸார் போட்டால் 64 பிளாக்குக்கும் வேலை முடிந்தது. டெஸ்ஸில் பிட்டுகளை இடம் மாற்றும் படிகள் நிறைய; இங்கே அவை இலவசம், எந்த ரெஜிஸ்டரை எடுப்பது என்பதை மாற்றினால் போதும். எஸ்-பாக்ஸ் அட்டவணைகள் ஆண்ட், ஆர், எக்ஸார் கேட்களாக மாறிவிடும். ஆல்ஃபா கணினியில், அதுவரை இருந்ததைவிட சுமார் 5 மடங்கு வேகம் கிடைத்தது.

எனக்கு வேகத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அட்டவணையில் எந்த இடத்தைப் படிக்கிறோம் என்பது ரகசியச் சாவியைப் பொறுத்தது. அந்த இடம் கேஷில் இருந்தால் சீக்கிரம் வரும், இல்லாவிட்டால் தாமதம். இந்த நேர வித்தியாசத்தை வைத்தே ஏஇஎஸ் சாவியை எடுக்கலாம் என்று 2005-ல் டேனியல் பெர்ன்ஸ்டீன் காட்டினார். பிட் ஸ்லைஸ் நிரலில் அட்டவணையே இல்லை. சாவி எதுவானாலும் அதே கட்டளைகள், அதே வரிசை. 2009-ல் கேஸ்பர், ஷ்வாபே இருவரும் 8 ஏஇஎஸ் பிளாக்குகளை இப்படி ஒன்றாக ஓட்டி, பாதுகாப்போடு வேகமும் வரும்னு காட்டிவிட்டார்கள்.

ஒரு தொல்லை உண்டு: கையில் ஒரே ஒரு பிளாக் இருந்தால் மற்ற இடமெல்லாம் வீண். சிபிசி முறையில் ஒரு பிளாக் முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும், அதனால் ஒரே செய்தியை குறியாக்கம் பண்ண இது உதவாது. கவுண்டர் முறையில் அந்தக் காத்திருப்பு இல்லை, எட்டையும் ஒன்றாகத் தள்ளலாம்.