பட்டாம்பூச்சிச் சிறுவனுக்குக் கிடைத்த புதுத் தோல்!

பாம்பு சட்டை உரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாமும் தோலை உரிக்கிறோம் என்றால் நம்புவீர்களா? நம் மேல்தோலில் உள்ள பழைய செல்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. அடியிலிருந்து புதிய செல்கள் மேலே வருகின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. பாம்பு ஒரே நாளில் செய்வதை, நாம் சத்தமில்லாமல் தினமும் செய்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்!

தோலில் முக்கியமாக இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது மேல்தோல். இது பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே இருப்பது உள்தோல். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அங்கே இருக்கின்றன. தாள் கனமுள்ள அந்த மேல்தோல்தான் கிருமிகளை உள்ளே விடாமலும், உடம்பின் நீரை வெளியே விடாமலும் காவல் காக்கிறது. முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால், உடம்பின் பெரும் பகுதியில் தோல் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்படிப்பட்ட நிலையில் டாக்டர்கள் என்ன செய்வார்கள்? தொடை போன்ற நல்ல இடத்திலிருந்து தோலை மெல்லியதாக எடுத்து, காயத்தின் மேல் ஒட்டுவார்கள். இதற்குத் தோல் ஒட்டு சிகிச்சை என்று பெயர். ஆனால், எடுப்பதற்கு நல்ல தோலே மிச்சம் இல்லாவிட்டால்...?

உறை மோர் தந்திரம்!

வீட்டில் அம்மா பாலுக்கு உறை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கரண்டி மோர் ஊற்றினால், மறுநாள் காலையில் பாத்திரம் முழுவதும் தயிர்! மோரில் இருந்த நுண்ணுயிர்கள் பாலில் பெருகியதால்தான் இது நடக்கிறது. இதேபோல, துளித் தோலைக் கொண்டு நிறையத் தோலை வளர்க்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர், அமெரிக்க விஞ்ஞானி ஹோவர்ட் கிரீன். மேல்தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் போட்டு வளர்ப்பது அதுவரை பெரும்பாடாக இருந்தது. கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் 1975ல் ஒரு வழி கண்டார்கள். எலியின் செல்களைத் தட்டில் பரப்பி, அவை பெருகாதபடி கதிர்வீச்சால் தடுத்துவிட்டு, அவற்றின் மேல் மனிதத் தோல் செல்களை விட்டார்கள். நாற்றங்காலில் விதைத்த நெல் போல, தோல் செல்கள் தளதளவென்று பெருகி ஒரு மெல்லிய விரிப்பாகவே வளர்ந்துவிட்டன!

1983ல் இந்த முறைக்குப் பெரிய சோதனை வந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், 5 வயதும் 6 வயதும் ஆன அண்ணன் தம்பி இருவர், உடம்பில் ஒட்டிய பெயின்ட்டைப் போக்க ஒரு திரவத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது அது தீப்பற்றிக்கொண்டது. உடம்பில் 95 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம். பாஸ்டன் நகருக்குக் கொண்டு சென்றார்கள். தீ படாமல் தப்பிய சிறு இடத்திலிருந்து துளித் தோலை எடுத்து, கிரீனின் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அந்தத் தோல் விரிப்புகளைச் சிறுவர்களின் உடம்பில் ஒட்டினார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள்!

சொந்தத் தோலே பழுதானால்?

இப்போது தலைப்பில் உள்ள சிறுவனிடம் வருவோம்.

பட்டாம்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் என்ன ஆகும்? பொடி பொடியாக உதிர்ந்துவிடும். சில குழந்தைகளின் தோல் அப்படித்தான் இருக்கும். லேசாக உரசினாலும் கொப்புளம் வரும், தோல் கழன்றுவிடும். அவர்களைப் 'பட்டாம்பூச்சிக் குழந்தைகள்' என்று அழைக்கிறார்கள். இது ஒரு பிறவி நோய். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய்க்குக் காரணம் என்ன? மேல்தோலையும் உள்தோலையும் ஒட்டிப் பிடிப்பதற்குச் சில புரதங்கள் பசை போல உதவுகின்றன. அந்தப் பசையைத் தயாரிக்கும் குறிப்பு நம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பில் எழுத்துப் பிழை இருந்தால் பசை கிடைக்காது. அப்புறம் தோல் எப்படி ஒட்டும்?

சிரியா நாட்டிலிருந்து வந்து ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு சிறுவன் இருந்தான். 2015 ஜூன் மாதம் அவனை போகும் நகர மருத்துவமனையில் சேர்த்தபோது வயது 7. கிருமித் தொற்றால் உடம்பின் 60 சதவீத மேல்தோலை இழந்திருந்தான். எடை 17 கிலோதான். தந்தை தன் தோலைக் கொடுத்தார். டாக்டர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். மகனின் உடம்பு அதை ஏற்கவில்லை. தந்தையின் தோலாகவே இருந்தாலும், நம் உடம்பின் காவல் படைக்கு அது அந்நியம்தான்!

எல்லா மருத்துவமும் கை விரித்துவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே முடியும் என்ற நிலை. பெற்றோர் விடவில்லை. புதிதாக, சோதனை நிலையில் இருக்கும் சிகிச்சை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். டாக்டர்கள் இத்தாலியின் மோடெனா நகரில் இருந்த மிக்கேலே டி லூக்கா என்ற விஞ்ஞானியைத் தொடர்பு கொண்டார்கள். அவருடைய குழு 2005ல் இதே நோயுள்ள ஒருவரின் கால்களில் திருத்திய தோலை ஒட்டி வெற்றி கண்டிருந்தது. ஆனால், ஏறக்குறைய உடம்பு முழுவதற்கும் யாரும் செய்ததில்லை. பெற்றோரும் அரசு அதிகாரிகளும் சம்மதம் தந்தார்கள்.

பிழை திருத்திய தபால்காரர்!

கொப்புளம் வராத ஓர் இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்தார்கள். ஒரு சிறிய தபால்தலை அளவு! அதை இத்தாலிக்கு அனுப்பினார்கள். ஆனால், அந்தத் தோலை அப்படியே வளர்த்தால் பழுதான தோல்தானே வளரும்?

அதனால், முதலில் பிழையைத் திருத்த வேண்டும். அதற்கு ஒரு வைரஸைப் பயன்படுத்தினார்கள். பயப்படாதீர்கள்! வைரஸுக்குச் செல்லின் உள்ளே நுழையத் தெரியும். நோய் உண்டாக்காதபடி அதை மாற்றி, சரியான மரபணுவை அதனிடம் கொடுத்து அனுப்பினார்கள். அது தபால்காரர் போல உள்ளே போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டது. திருந்திய செல்களைக் கிரீனின் முறையில் வளர்த்தார்கள். கிடைத்த தோல் எவ்வளவு தெரியுமா? 0.85 சதுர மீட்டர். அதாவது, எடுத்ததைப் போல 2,000 மடங்குக்கும் மேல்!

2015 அக்டோபரில் கை, கால்களில் ஒட்டினார்கள். நவம்பரில் முதுகில். 2016 ஜனவரியில் மீதி இடங்களில். உடம்பின் 80 சதவீதம் புதுத் தோல்! முதல் அறுவை சிகிச்சை நடந்த அதே அக்டோபரில்தான், இதற்கெல்லாம் வழி திறந்த ஹோவர்ட் கிரீன் தமது 90ஆம் வயதில் மறைந்தார்.

2016 பிப்ரவரியில் சிறுவன் வீடு திரும்பினான். பள்ளிக்குப் போனான். கால்பந்து ஆடினான். உரசினாலே தோல் கழன்ற பிள்ளை, கால்பந்து ஆடினான் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்!

வாழையடி வாழை

செல்கள்தான் மாதாமாதம் உதிர்கின்றனவே, புதுத் தோலும் உதிர்ந்துவிடாதா? நல்ல கேள்வி! வாழை மரம் குலை தள்ளியதும் சாய்ந்துவிடும். ஆனால், மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு புதுக் கன்றுகளை விட்டுக்கொண்டே இருக்கும். தோலிலும் அப்படிக் கிழங்கு போன்ற செல்கள் சில உண்டு. அவைதான் ஸ்டெம் செல்கள். அந்தச் சிறுவனின் தோலை ஆராய்ந்தபோது, ஒட்டிய செல்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் மறைந்துவிட்டதும், சிறிதளவு ஸ்டெம் செல்களே தோல் முழுவதையும் புதுப்பித்து வருவதும் தெரிந்தது. 2021ல், ஐந்து ஆண்டுகள் கழித்து வெளியான ஆய்விலும் அந்தத் தோல் உறுதியாகவே இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாற்றி ஒட்டாத இடங்களில் இன்னும் கொப்புளம் வரலாம். மரபணுவை மாற்றுவதால் புற்றுநோய் வருமோ என்று தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது; அந்த ஐந்து ஆண்டுகளில் அப்படி எதுவும் காணப்படவில்லை. தீக்காயத்துக்கு வளர்த்து ஒட்டும் தோலில் ரோமமும் வியர்வைச் சுரப்பிகளும் இருப்பதில்லை. அவற்றையும் சேர்த்து வளர்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காணப்போவது, இதைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!

அதுவரை, இருக்கும் தோலைக் காப்பது நம் கடமை அல்லவா? இவற்றை மறக்காதீர்கள்:

* பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் அருகே விளையாடக் கூடாது.

* உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. நின்று, கீழே படுத்து, உருள வேண்டும்.

* சுட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, மாவு தடவவே கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி, டாக்டரிடம் போக வேண்டும்.

* தோல் நோய் உள்ள நண்பரைக் கண்டால் ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், விளையாடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தபால்தலை அளவு தோல் ஓர் உயிரைக் காத்தது. உங்கள் கையை ஒரு முறை தடவிப் பாருங்கள். எவ்வளவு பெரிய செல்வத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறீர்கள் என்பது புரியும்!