தே தாரிக்கைப் பிரிக்க முடியுமா?

கலவை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட, பாடநூல் படத்தைவிடச் சிங்கப்பூரின் தேக்கா சந்தைதான் எனக்குப் பிடித்த இடம். கச்சாங் பூத்தே என்ற கொறிதீனிப் பொட்டலத்தில் கடலை வேறு, பட்டாணி வேறு, விரலாலேயே பொறுக்கிவிடலாம்.

கெட்டிப்பால் சேர்த்து ஆற்றிய தேநீரான தே தாரிக்கில் அது நடக்காது. ஏன்? கெட்டிப்பாலின் சர்க்கரை நீரில் கரைந்துவிடுகிறது. கொழுப்போ கரையாமல், கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கிறது; அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால்தான் தேநீர் கலங்கலாகத் தெரிகிறது. உயரத் தூக்கி ஆற்றும்போது காற்றும் சேர்கிறது. பால்புரதம் குமிழ்களைச் சுற்றிப் படலமாகப் படிய, நுரை சட்டென்று உடைவதில்லை.

வடிகட்டியில் தேயிலைத் தூள் தங்கும், சர்க்கரை தங்காது. கரைந்ததை எப்படிப் பிரிப்பது? சிங்கப்பூர் 2003இல் அறிமுகப்படுத்திய நியூவாட்டர் என்னும் மறுசுத்திகரிப்பு நீருக்காக, பயன்படுத்திய நீரை முதலில் நுண்வடிகட்டி, பின் அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். நீர் கடந்துபோகிறது, கரைந்த உப்பு பெரும்பாலும் இப்பக்கமே நின்றுவிடுகிறது.