பஸ் பயணத்தில் இனிப்புநீர்க்காரர்

பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போகிறோம். வழியில் பஸ் நின்றதும் ரொட்டி சானாய், தே தாரேக்! “ஒரு நாள்தானே, என்னா ஆயிடும்?” என்போம். மைதாவும் டின் பாலும் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும்.

அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஒரு பிடி நிலக்கடலை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். கடையில் ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள். பாலும் சீனியும் இராது.

அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்தவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வேர்த்துக் கை நடுங்கினால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

சீனிப் பொட்டலம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்!