‘கொஞ்சம் ஷார்ட்டா’ன்னு சொன்னா தலை காலி! ரூ.99 கட்டிங் கடைக்கு போறீங்களா? இதை படிச்சிட்டு போங்க

சென்னை:

வாசலில் பெரிய போர்டு. ‘ஹேர் கட் ரூ.99’. உள்ளே ஏ.சி., சுழல் நாற்காலி, டி.வி.யில் பாட்டு. தெருமுனை சலூனில் ரூ.150 கொடுக்கிறோமே, இங்கே ஏ.சி.யோடு 99 தானா என்று ஆசையாக நுழைகிறவர், வெளியே வரும்போது தொப்பி தேடுகிறார்.

பல கிளைகள் வைத்து நடத்தும் இந்த மலிவு விலை சலூன்களில் ஏன் இப்படி ஆகிறது? நாமும் புறநகரில் உள்ள ஒரு கிளைக்கு போய் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

‘தம்பி, சைடுல கொஞ்சம் ஷார்ட்டா, மேல லேசா எடுத்தா போதும்’ என்றோம். தம்பி வட மாநிலத்துக்காரர். தமிழ் அரைகுறை. நமக்கு இந்தி சுத்தம்! ‘ஓகே அண்ணா’ என்று தலையாட்டினார். அடுத்த நொடி மிஷின் காதுக்கு மேலே சர்ரென்று ஏறி விட்டது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது. உச்சியில் சுழி உள்ள இடத்தில் முடி குத்தீட்டி போல நின்றது. பின்னாலேயே அடுத்த ஆளை உட்கார வைத்து விட்டார்கள்.

அந்த தம்பியை திட்டி பயன் இல்லை. அவர் கையில் தொழில் இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில்.

தெருமுனை சலூன் அண்ணாச்சிக்கு உங்கள் தலை பத்து வருஷமாக தெரியும். எங்கே சுழி, எங்கே பழைய தழும்பு, எந்த பக்கம் வகிடு என்று கேட்காமலேயே வெட்டுவார். சங்கிலி கடையில் இன்று வெட்டியவர் அடுத்த மாதம் வேறு கிளையில் இருப்பார். அவருக்கு உங்கள் தலை ஒவ்வொரு முறையும் புது தலை. அதனால் நீங்கள் சொல்லும் வார்த்தைதான் எல்லாம். ‘ஷார்ட்’ என்றால் உங்களுக்கு அரை அங்குலம், அவருக்கு மிஷின் கட்டிங். ‘மீடியம்’ கதையும் அதேதான்.

நம்பர் கணக்கு

மிஷின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பை பார்த்திருப்பீர்கள். அதில் 1, 2, 3, 4 என்று நம்பர் இருக்கும். வழக்கமாக ஒரு நம்பருக்கு அரைக்கால் அங்குலம் கணக்கு. 1-ம் நம்பர் போட்டால் தலையில் 3 மில்லி மீட்டர் முடிதான் மிஞ்சும். கிட்டத்தட்ட மொட்டை. 2-ம் நம்பர் கால் அங்குலம், 4-ம் நம்பர் அரை அங்குலம். சீப்பே மாட்டாமல் ஓட்டினால் தோல்தான்.

ஆகவே ‘ஷார்ட்’ என்பதை மறந்து விடுங்கள். ‘சைடு 4-ம் நம்பர் போடுங்க, பார்த்துட்டு குறைக்கலாம்’ என்று சொல்லுங்கள். நம்பருக்கு மொழி தேவை இல்லை. விரலை காட்டினாலே போதும். 4 போட்டு 3-க்கு இறங்கலாம். 2-ல் இருந்து 4-க்கு ஏற முடியாது!

செல்போனில் நடிகர் படத்தை காட்டுவதை விட, உங்களுக்கு நன்றாக அமைந்த பழைய கட்டிங் போட்டோவை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எடுத்து வைத்திருந்து காட்டுவது மேல். நடிகர் தலைமுடி அடர்த்தி நமக்கு ஏது?

தண்ணீர் தெளித்து வெட்டும்போதும் கவனம் வேண்டும். சுருட்டை முடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஈரத்தில் சரியாக தெரிந்தது வீட்டுக்கு போனதும் மேலே ஏறி நிற்கும். சுழி உள்ள இடமும் அப்படியே. அங்கே ஒட்ட வெட்டினால் முடி படுக்காது. இரட்டை சுழிக்காரர்கள் உட்கார்ந்ததுமே விரல் வைத்து காட்டி விடுங்கள்.

தப்பாக போகிறது என்று தோன்றினால் முதல் ஓட்டிலேயே கையை தூக்கி நிறுத்துங்கள். நம் ஆட்கள் பலர் சங்கடப்பட்டு கடைசி வரை பேசாமல் இருந்து விடுகிறார்கள். தலைமுடி மாதத்துக்கு அரை அங்குலம் அளவுக்குத்தான் வளரும். நாளைக்கு வேலை இன்டர்வியூ, நாளை மறுநாள் பெண் பார்க்க போகணும் என்று இருப்பவருக்கு சங்கடம் எதற்கு?

99 எப்படி 261 ஆச்சு?

பில் வந்தபோதுதான் போர்டை மறுபடி பார்த்தோம். 99-க்கு பக்கத்தில் பொடி எழுத்தில் ‘முதல்’ என்று இருந்தது. கட்டிங் 99, ‘வாஷ் பண்ணலாமா அண்ணா’ என்று கேட்டதற்கு 80, தாடி ட்ரிம் 70. மொத்தம் 249. அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 261 ரூபாய் சில்லறை. ஒவ்வொன்றுக்கும் ‘எவ்வளவு?’ என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வரியிலும் ஒரு விஷயம். சலூன் கட்டிங்குக்கு முன்பு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாக குறைக்கப்பட்டது. இன்னும் பழைய கணக்கிலேயே போட்டால் கேளுங்கள். வரி வாங்கும் கடை பில்லில் 15 இலக்க பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு கடை என்றால் அது 33-ல் தொடங்கும். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் உள்ள சாதாரண சலூன் இந்த பதிவே செய்ய வேண்டியதில்லை. அண்ணாச்சி கடையில் வரி இல்லாதது அதனால்தான்.

டெல்லியில் 4 அங்குல வழக்கு

இந்த தகராறு ஏழைகளுக்கு மட்டும் இல்லை. 2018-ல் டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூனுக்கு போன ஒரு பெண், கீழே இருந்து 4 அங்குலம் வெட்ட சொன்னார். மேலே 4 அங்குலம் மட்டும் விட்டு மற்றதை வெட்டி விட்டார்கள் என்பது அவரது புகார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் ரூ.2 கோடி தர சொன்னது. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து, இவ்வளவு தொகைக்கு ஆதாரம் வேண்டும், மறுபடி விசாரியுங்கள் என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது.

நமக்கு 2 கோடி கனவு வேண்டாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால், நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி புகார் செய்ய வழி உண்டு. முதலில் கடை மேலாளரிடம் சொல்லி சரி செய்ய கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்ன தொகை வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பில்லை அங்கேயே கசக்கி எறிந்து விடாதீர்கள். அந்த சீட்டோடு, கடையை விட்டு இறங்கியதும் எடுத்த நாலு போட்டோவும் இருந்தால்தான் பேச்சுக்கு பிடி கிடைக்கும்.