பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் புத்தகத்துக்கு!



வீட்டு விளக்குக்கு அப்பாவோ அம்மாவோ கரண்ட் பில் கட்டுகிறார்கள். தெருவிளக்குக்கு யார் கட்டுவது? இப்படி என்றாவது யோசித்தீர்களா? யோசித்திருந்தால், சபாஷ்! நீங்கள் கெட்டிக்காரர்கள்தான்.

ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோதான் கட்டுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி நம் வீடுகளிலிருந்தே போகிறது. அதுதான் சொத்து வரி. கிராமங்களில் வீட்டு வரி என்பார்கள்.

தமிழ்நாட்டு நகரங்களில் இதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்ட வேண்டும். வீடு எவ்வளவு பெரியது, எந்தத் தெருவில் இருக்கிறது, குடியிருக்கும் இடமா கடையா என்றெல்லாம் பார்த்துத் தொகையைக் கணக்கிடுவார்கள்.

வசூலான பணம் எங்கே போகிறது? தெரு கூட்டுவோர் சம்பளம், குப்பை வண்டி, சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு எனப் பல வழிகளில் செலவாகும். எதற்கு எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆண்டுதோறும் பட்ஜெட் போட்டு முடிவு செய்வார்கள். சென்னையில் கல்விக்கென்றும் ஒரு பங்கு உண்டு.

இதுவரை புரிந்ததா? சரி, சொத்து வரியோடு சேர்த்து வாங்கும், எனக்கு மிகவும் பிடித்த நூலக வரிக்கு வருவோம்.

சந்தையில் உங்கள் அம்மா பத்து மாம்பழம் வாங்குகிறார். கூடவே, “இது பாட்டிக்கு” என்று பதினொன்றாவதாக ஒன்று வாங்குகிறார். அந்தப் பழத்தில் நீங்கள் கை வைக்கலாமா? கூடாதல்லவா? நூலக வரியும் அப்படித்தான். சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் மேலே 10 காசு! வசூலிப்பது நகராட்சி. ஆனால் அந்தக் காசில் அது சாலை போடக் கூடாது. நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். சில ஊர்களில் கொடுக்காமல் பாக்கி வைக்கிறார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை!

ஒரு சின்னக் கணக்கு. சொத்து வரி 1,500 ரூபாய் என்றால் நூலக வரி எவ்வளவு? 150 ரூபாய் என்றவர்கள் கையைத் தூக்குங்கள்!

இந்த ஏற்பாடு 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆனவர். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு, பாருங்கள்! அப்போது ரூபாய்க்கு அரையணா, அதாவது ஏறக்குறைய 3 காசுதான் வாங்கினார்கள்.

அடுத்த தடவை வீட்டில் வரி கட்டினால் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நூலக வரியைத் தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

“நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோமே மாமா, எங்கள் பணம் அதில் இல்லையா?” என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி! ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். ஆனால் வாடகையை முடிவு செய்யும்போது, தான் கட்டும் வரியையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளாமலா இருப்பார்?