கரித்தணலில் சுடுதல்

கரித்தணலில் சுடுதல் என்பது எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தாமல், கனன்று எரியும் கரியின் வெப்பத்தில் உணவைச் சமைக்கும் முறையாகும். பெரும்பாலும் திறந்த வெளியில் செய்யப்படும் இம்முறை பேச்சு வழக்கில் கிரில், பார்பெக்யூ என அழைக்கப்படுகின்றது. எண்ணெய் குறைவாகத் தேவைப்படுவதால் இது உடல்நலத்திற்கு உகந்ததாகக் கருதப்படுகின்றது. எனினும் நெருப்பையும் புகையையும் கையாளும் விதத்தைப் பொறுத்தே அதன் நன்மை அமையும்.

தமிழகத்தில்

கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி பற்றிய குறிப்பு சங்க இலக்கியமான பொருநராற்றுப்படையில் உள்ளது. சென்னை மெரினா கடற்கரையில் தணலில் சுட்ட சோளக்கதிர் மீது எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தேய்த்து விற்பர். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரி தயாரிக்கின்றனர். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் பயன்படுகின்றது.

தேவையான கருவிகள்

* அடுப்பு: கும்முட்டி அடுப்பு அல்லது காற்றுத் துளைகள் கொண்ட இரும்பு அடுப்பு.
* கம்பி வலை: துருப்பிடிக்காத எஃகு அல்லது வார்ப்பிரும்பால் ஆனது. துத்தநாகப் பூச்சுள்ள வலை உணவு சமைக்க ஏற்றதன்று.
* நீண்ட கைப்பிடியுள்ள இடுக்கி.
* உணவு வெப்பமானி: இறைச்சியின் உட்புறம் வெந்ததை நிறத்தைக் கொண்டு உறுதி செய்ய இயலாது. கோழி இறைச்சியின் உள் வெப்பநிலை 74 °செ, மீனின் உள் வெப்பநிலை 63 °செ அளவை எட்ட வேண்டும்.
* ஒரு வாளி நீர் அல்லது மணல்.

உடல்நல விளைவுகள்

இறைச்சியும் மீனும் மிகை வெப்பத்தில் கருகும்போது பல்லினவளைய அமீன்கள் உருவாகின்றன. கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போது எழும் புகையில் பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்கள் உண்டாகி உணவின் மீது படிகின்றன. இவற்றுள் ஒன்றான பென்சோபைரீன், மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. இவ்விளைவுகளைப் பின்வரும் வழிகளில் குறைக்கலாம்.

* சுடர் அடங்கிக் கரியின் மேல் சாம்பல் பூத்த பின்னரே உணவை வைத்தல்.
* கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, கொழுப்பு மிகுந்த இறைச்சியை மறுபக்கத்தில் வைத்தல்.
* கொழுப்பை நீக்கி, எலுமிச்சைச் சாறு, பூண்டு, மஞ்சள், தயிர் போன்றவற்றில் ஊற வைத்தல்.
* அடிக்கடி திருப்பிப் போடுதல். கருகிய பகுதியை வெட்டி நீக்குதல்.
* காய்கறிகளை மிகுதியாகச் சேர்த்தல். இவற்றில் பல்லினவளைய அமீன்கள் மிகக் குறைவாகவே உருவாகின்றன.

பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்த இறைச்சியை வைத்தால் நோய்க் கிருமிகள் மீண்டும் தொற்றக்கூடும்.

பாதுகாப்பு

கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ அற்ற நச்சு வளிமமாகும். இது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இணைந்து, உடலுக்கு ஆக்சிசன் செல்வதைத் தடுக்கின்றது. 2024 ஆம் ஆண்டில் கொடைக்கானலில் தங்கும் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய இரு இளைஞர்கள் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். புகை அடங்கிய கரியும் இவ்வளிமத்தைத் தொடர்ந்து வெளியிடும். ஆகவே மழை பெய்தாலும் குளிர் மிகுந்தாலும் கரியடுப்பை அறை, கூடாரம், வண்டி ஆகியவற்றினுள் கொண்டு செல்லலாகாது. சமையல் முடிந்ததும் தணலை நீரூற்றி முழுமையாக அணைத்தல் வேண்டும்.